கடைசியாக இறங்குகிறவள்

மாமனாரின் முழங்கால் வலி ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் தோட்டத்துத் தொட்டித் தண்ணீர் வழியாக மருமகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் குளித்து எழுந்து, கைத்தடியை மறந்து, விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். கடைசியாகக் குளித்த அவள் அதே கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தாள். அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். வெட்டவெளியில் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்தால் ஆயுசு கூடும் என்று எங்கோ படித்துவிட்டு, வேலியோரம் தேக்குப் பலகையில் ஓர் ஆள் உட்காரும்படி தொட்டி செய்வித்து, பக்கத்தில் விறகடுப்பும் கட்டியிருந்தார். எல்லோருக்கும் ஒரே தண்ணீர்தான். முதலில் அவர், பிறகு மாமியார், பிறகு பஸ் டிரைவரான மகன், கடைசியில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் மருமகள். வெளியிலேயே சோப்புப் போட்டு அழுக்கைக் கழுவிவிட்டுத்தான் இறங்குவார்கள். தங்கள் தண்ணீர் அவ்வளவு சுத்தம் என்று அவர்களுக்குக் கொள்ளைப் பெருமை.

அடுத்த மாதம் கணவனின் முதுகுவலி வந்தது, அதன்பின் மாமியாரின் மூச்சிரைப்பும் கைநடுக்கமும். சட்டைக் கடையில் பொத்தான் தைக்கும் வேலையில் இருந்தவளை, ஊசியைத் துணியில் குத்தாமல் விரலில் குத்திக்கொள்கிறாள் என்று நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் அவள் குளிக்காமல் படுத்துக்கொண்டாள். விடிந்ததும் எல்லா வலியும் இரண்டு மடங்காக அதனதன் சொந்தக்காரர்களிடம் திரும்பியிருந்தது. வீடே அவளைக் குற்றவாளியாகப் பார்த்தது. நாலே வருஷத்தில் அவளுக்குத் தலை நரைத்துக் கூன் விழுந்தது. கடைத்தெருவில் ஒருத்தி மாமியாரை மருமகளின் மகள் என்று நினைத்துப் பேசினாள். மாமியார் மறுத்துச் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பிடிவாதமாக இருந்தாள். ஏழு வயது மகளுக்கு அந்தத் தொட்டி என்றால் உயிர். சளி, ஜுரம், நாளைக்குப் பரீட்சை என்று ஏதாவது சொல்லி அவளைத் தண்ணீர்ப் பக்கமே விடமாட்டாள்.

பிறகு மாமனாருக்கு வயிற்றில் கட்டி என்றும் மூன்று மாதம் தாங்கினால் அதிகம் என்றும் டாக்டர் சொன்னார். அன்று அவர் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தொட்டியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு வேண்டாம் அத்தை, என்னால முடியல" என்றாள் மருமகள்.

"வேண்டாம்னா விடும்மா, யாரு உன்னைக் கட்டாயப்படுத்துறா? பாப்பா ரொம்ப நாளா ஆசைப்படுறா. அவ இறங்கட்டும்."

கணவன் குனிந்து அடுப்பில் இன்னொரு கட்டையைத் தள்ளினான். அவன் முகத்தைப் பார்த்தவள் இறங்கி, தண்ணீர் ஆறி உடம்பு விறைக்கும்வரை உட்கார்ந்திருந்தாள், ஒரு பொட்டும் மிச்சம் இருந்துவிடக் கூடாதென்று. மூன்று மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கணவனைக் கூப்பிட்டு, "அந்தத் தொட்டியை உடைச்சுப் போட்டுருங்க" என்றாள். அவன் அழுதுகொண்டே சரி என்றான். அழுகை நிஜமானதுதான்.

கோடரியை எடுக்கவும் செய்தான். நல்ல தேக்கு, இப்போது இந்த மாதிரி கிடைக்குமா என்று அம்மா கேட்டதும் கீழே வைத்துவிட்டான். அவள் செத்தபின் நாற்பது நாள் தொட்டி காலியாகக் கிடந்தது. நாற்பத்தோராம் நாள் மாமனாருக்கு லேசாக இருமல் கண்டது. இருமல்தானே, பெரிதாக ஒன்றுமில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மகன் அடுப்பை மூட்டினான். பெரியவர்கள் மூவரும் வரிசைப்படி குளித்து எழுந்தபின், குட்டித் துண்டோடு காத்திருந்த பாப்பாவை அவனே தூக்கித் தண்ணீரில் விட்டான். அவள் கழுத்துவரை மூழ்கி, கையால் தண்ணீரை அடித்து விளையாடினாள். பிறகு இரண்டு தடவை இருமிவிட்டு, வெந்நீர் நல்லா இருக்குப்பா என்றாள்.