முழங்கால் சேறு

ஆம்புலன்ஸின் அலறல் ரப்பர் தோட்டத்து வளைவில் கேட்டது. காலையிலிருந்து பந்தல், நாற்காலி, சவப்பெட்டி என்று ஓடிக்கொண்டிருந்த ரதீஷ் அப்படியே முற்றத்தில் நின்றுவிட்டான். அண்ணன் ஞானசிகாமணியை போஸ்ட்மார்ட்டம் முடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள்.

மோட்டார் சுவிட்ச் போடப்போய் ஷாக்கடித்துவிட்டது. எல்லோரிடமும் ரதீஷ் சொன்னது இதைத்தான். போலீஸ்காரரிடம் மலையாளத்தில் சொன்னான். சபைக்காரர்களிடம் தமிழில் சொன்னான். இரண்டிலும் நாக்குத் தடுமாறவில்லை.

நடந்தது வேறு. நேற்று அந்தியில் மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்த விளையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கம்பி கட்டி, மோட்டார் ஷெட்டிலிருந்து அதில் கரண்ட் கொடுத்தவன் அவன்தான். காட்டுப்பன்றி ஒன்று விழுந்தால் போதும், மற்றவை இந்தப் பக்கம் தலைகாட்டாது என்று கணக்குப் போட்டான். ஐந்து மணிக்கு எழுந்து கரண்டை நிறுத்துவதாக இருந்தான். அலாரம் அடித்தது. அதன் தலையில் தட்டிவிட்டுப் புரண்டு படுத்தான்.

ஆறு மணிக்குப் போனபோது அண்ணன் கம்பியின்மேல் கவிழ்ந்து கிடந்தார். அந்தப் பக்கத்து ஈரமண்ணில் பன்றிக் குளம்புகள் ஒரு முழம் தள்ளி வந்து நின்று, வந்த வழியே திரும்பியிருந்தன. ரதீஷ் அதைப் பார்த்தான். யோசிக்க நேரமில்லை. கரண்டை நிறுத்தி, கம்பியைச் சுருட்டிக் கிணற்றில் போட்டுவிட்டுத்தான் கூப்பாடு போட்டான்.

மூன்று மாதமாக அண்ணன் நாலு காலில்தான் விளைக்குப் போய்வந்தார். உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக்கொண்டு, சிறுபிள்ளை யானை விளையாடுவதுபோல மண்ணை மூக்கால் முட்டி, உறுமி, கிழங்கு தோண்டுவார். முதலில் பன்றிகள் ஓடின. பிறகு நின்று பார்த்தன. கடைசியில் தாய்ப்பன்றி ஒன்று குட்டிகளோடு அவர் பக்கத்திலேயே மேய்ந்தது. பஞ்சாயத்தில் சொல்லி துப்பாக்கியால் வெடிவைக்க ஆள் வரவழைப்போம் என்று ரதீஷ் சண்டைபிடித்தபோது அவர் சிரித்தார்.

“எலே, நின்னுட்டுப் பாத்தா அதுகளுக்கு என்ன வேணும்னு தெரியாது. கொஞ்ச நேரம் பன்னியாட்டு இருந்து பாக்கணும். அதுக கீழ ஓடுற தோட்டுக்குத் தண்ணி குடிக்கப் போறதாக்கும். வழியில கெடக்கியத தின்னுது. ஒரு மூலைய விட்டுக் குடுத்தா மிச்சத்தத் தொடாது.”

“அடுத்தாப்ல நீ குட்டியும் போடுவியாக்கும்.”

அண்ணன் அதற்கும் சிரித்தார். ரதீஷால் சிரிக்க முடியவில்லை. டீக்கடைக்குப் போனால், ஒனக்க அண்ணன் இப்பம் வீட்டில உண்டா, பன்னிக் கூட்டத்தில உண்டா என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையிலும் பின்பெஞ்சில் உறுமிக் காட்டினார்கள்.

உடலை அறைக்குள் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த உடுப்புப் பையை அண்ணன் மகள் லிஜா பிரித்துப் பார்த்தாள்.

“சித்தப்பா, மோட்டார் போடப் போன அப்பாக்கு ரெண்டு முட்டிலயும் எதுக்குச் சேறு?”

“வழுக்கி விழுந்திருப்பாரு மக்கா.”

அவள் பையை மடக்கினாள்.

வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு ரதீஷ் பவுடர் டப்பாவை எடுத்தான். அண்ணனின் நெற்றியில், புருவத்துக்கு மேலே குறுக்காகக் கறுப்புக் கோடு ஒன்று. நிமிர்ந்து நடக்கிறவன் நெற்றியில் கம்பி படாது. பவுடரைக் கொட்டித் தேய்த்தான். கோடு மறையவில்லை. மறுபடி கொட்டினான்.

வெளியே பாஸ்டர் ஜெபத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேற, அண்ணன் மனைவி ஜெயபாய் மட்டும் கட்டிலருகே நின்றாள். காலையிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. போலீஸ்காரர் கேட்டபோதுகூட, கொழுந்தன் சொன்னதுதான் என்பதுபோலத் தலையை ஆட்டியிருந்தாள்.

அவள் கைநீட்டிப் பவுடர் டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

“மைனி...” என்றான் ரதீஷ்.

அவள் கணவனின் நெற்றியையே பார்த்துக்கொண்டு, அடங்கிய குரலில் சொன்னாள்:

“நீ கம்பி கட்டினத ஒனக்க அண்ணன் நேத்து அந்திக்கே பாத்தாவ, இன்னிக்கு அஞ்சு மணி கழிஞ்சி ‘ரதீஷ் இப்பம் கரண்ட நிறுத்திருப்பான், அவங்கிட்ட கேட்டா அவனுக்கு நாணக்கேடு, நான் பன்னியளுக்கிட்ட கம்பி கெடக்குன்னு சொல்லிட்டு வாறேன்’னுதான் போனாவ.”