மேயரின் இன்னொரு முகவரி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, ஒட்டுக்கேட்டது. நாய்க்கு லைசென்ஸ் வாங்க, அமெரிக்காவில் நான் குடியிருக்கும் சிற்றூரான வெல்லர்ஸ்பர்க்கின் நகர அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கவுண்டரில் ஆள் இல்லை. பின்னறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. நல்லவனாக இருந்தால் மணியை அடித்திருப்பேன். முப்பது வருஷமாக வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுகிறவன் மணியை அடிப்பானா?

"'அப்படி ஒரு பதிவும் இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடு, மார்லீன். ஒரே வரி. அதுக்கு ஏன் இப்படி முழிக்கிற?"

மேயர் கர்ட் ப்ரெண்டிஸின் குரல்.

"தேடிப் பார்க்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்லையே."

இது நகரச் செயலர் மார்லீன் ஸ்டாஹுரா.

கதை இங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். நான் முதலில் எழுதிய தொடக்கமோ வேறு:

[அமாவாசை இருட்டு. கம்ப்யூட்டர் அறையில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்ட, கையுறை அணிந்த கரம் ஒன்று மெல்ல…]

கரமாவது, மெல்லவாவது! அது பிப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. கையுறை ஊரே போட்டிருந்தது. அந்தத் தொடக்கத்தை அடித்துவிட்டேன்.

2

விஷயம் இதுதான். எங்கள் ஊர்க் குடிநீர் நிலையத்தின் பொறுப்பாளர் வெர்ன் ஹலுஷ்கா. போன அக்டோபரில் குளோரின் கலக்கும் பம்ப் படுத்துவிட்டது. ஒன்பது நாள் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தோம். அறிவிப்பு வருவதற்கு முன்பே குடித்துத் தொலைத்தவர்கள், அடியேன் உட்பட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தோம். வெர்ன் முன்கூட்டியே சொல்லவில்லை என்றார் மேயர். இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவரை சஸ்பெண்ட் செய்தார்கள். அடுத்து டிஸ்மிஸ் என்று பேச்சு.

"பம்ப் தாங்காதுன்னு ஏப்ரல்லயே எழுதினேன்" என்றார் வெர்ன். எழுதியது உண்மை, நகலும் இருந்தது. ஆனால் போனது மேயரின் சொந்த மின்னஞ்சலுக்கு. முக்கியமானதையெல்லாம் அங்கேதான் அனுப்ப வேண்டும் என்பது மேயரின் வாய்மொழி உத்தரவு. அலுவலக மின்னஞ்சல் என்றால் ஊரில் யார் கேட்டாலும் காட்டியாக வேண்டுமே!

"அந்தப் பெட்டியை நான் திறக்கிறதே இல்லை. கடிதத்தைப் பார்க்கவே இல்லை" என்று சாதித்தார் மேயர். மேயர் அதைப் பார்த்ததற்குப் பதிவு ஏதாவது உண்டா என்று வெர்னின் வக்கீல் மனுப் போட்டார். சத்தியம் செய்து பதில் எழுத வேண்டியவள் மார்லீன்.

(பக்கத்தின் அடியில் போயிருக்க வேண்டிய குறிப்பு: முதல் வரைவில் மேயருக்குச் சுருட்டும் அரும்பு மீசையும் வைத்திருந்தேன். மார்லீனுக்கு அவள் பாஷையில் சொல்லிக் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "கர்ட்டுக்கு மீசையே முளைக்காதுப்பா. பள்ளிக்கூடத்துல இருந்தே அவருக்கு அது ஒரு குறை." மீசையை எடுத்துவிட்டேன். மீசையோடு வில்லனும் போய்விட்டான்.)

3

மேயர் போனதும் மார்லீன் தேட ஆரம்பித்தாள். ஏப்ரல் கட்டு. இல்லை. குடிநீர்க் கட்டு. இல்லை. 'அடுத்த வருஷம்' என்று எழுதிய நீல அட்டைக் கோப்பைத் திறந்தாள்.

இருந்தது.

கர்ட்டுக்குத் திரையில் படித்தால் கண் வலிக்கும். ஊர் பார்க்கக் கூடாது என்று சொந்தப் பெட்டிக்கு வரவழைத்த கடிதத்தை, ஊர் வாங்கிக் கொடுத்த பிரிண்டரில் அச்சடித்து, காப்பி குடித்துக்கொண்டே படித்திருக்கிறார். ஓரத்தில் பச்சை மையில் அவருடைய கோழிக் கிறுக்கல்: 'அடுத்த வருஷம் பார்க்கலாம்.' படித்ததைக் கோப்புக்குப் போகும் காகிதத் தட்டில் போட்டார். தட்டில் விழுந்ததையெல்லாம் மூன்று துளை போட்டுக் கோப்பில் சேர்ப்பது பத்தொன்பது வருஷமாக மார்லீனின் கை செய்கிற வேலை. ஓரக் குறிப்பைத் தாண்டிக் கண் படிக்கவில்லை. கை சேர்த்துவிட்டது.

தாளோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மேயரை நினைத்தல்ல, ரேயை நினைத்து. மூன்று வருஷத்துக்கு முன் கணவன் ரே புற்றுநோயில் படுத்தபோது, "போ, அவன்கூட இரு. ஆபீஸ் எங்கயும் ஓடிப் போயிடாது" என்று நான்கு மாதம் அனுப்பி வைத்தவர் கர்ட். மத்தியானங்களில் அவரே கவுண்டரில் உட்கார்ந்தார். கண்ணாடி போடாமல் நாய் லைசென்ஸ் ஏட்டை எழுதியதில் நாய்களின் பெயர் சொந்தக்காரர்கள் கட்டத்திலும், சொந்தக்காரர்கள் பெயர் நாய்கள் கட்டத்திலும் ஏறிவிட்டன. மார்லீன் அந்தப் பக்கங்களைத் திருத்தவே இல்லை. ரேயின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் கர்ட்டும் ஒருவர்.

[காகிதத்தை நறுக்கும் இயந்திரத்தின் வாயில் அவள் அந்தத் தாளை மெல்ல…]

இல்லை. அப்படி நடக்கவில்லை. "அப்படிச் செய்ய நினைச்சீங்களா?" என்று பின்னொரு வெள்ளிக்கிழமை, தீயணைப்பு நிலையத்து மீன் வறுவல் விருந்தில் மார்லீனிடம் கேட்டேன்.

"கையை அது மேல வச்சேன்ப்பா. பொய் சொல்ல மாட்டேன்" என்றாள்.

4

மறுநாள் காலை நகல் ஒன்றை மேயரின் மேஜையில் வைத்தாள்.

"இது எங்க இருந்தது?"

"நீங்க சொன்ன இடத்துலதான். அடுத்த வருஷக் கோப்புல."

"என் சொந்தப் பெட்டிக்கு வந்தது இது!"

"தண்ணி யாரோடது, கர்ட்? ஊரோடது. அப்ப கடுதாசியும் ஊரோடதுதான்."

"ரே படுத்திருந்தப்ப நான்…"

[மேயர் இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.]

"மறக்கலை. சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அதனாலதான் வக்கீலுக்கு முன்னாடி உங்ககிட்ட கொண்டு வந்தேன். பன்னிரண்டு மணிக்கு அனுப்பிடுவேன். அதுக்குள்ள நீங்களே வெர்னுக்கு ஒரு போன் போட்டுடுங்க."

கதவைச் சாத்திவிட்டு வந்தாள். வக்கீலுக்கான பதிலில் முத்திரை குத்தினாள், கோணலாக விழுந்தது. பன்னிரண்டுக்கு அனுப்பினாள்.

5

முடிவுகள் கைவசம் நிறைய இருக்கின்றன. மேயர் கதறி அழுகிறார். (மிகை.) மேயர் ராஜினாமா. (அவசரம், தேர்தல் நவம்பரில்.) மார்லீனுக்கு மாலை மரியாதை. (எங்கள் ஊரில் மாலையே கிடையாது.)

நடந்தது இவ்வளவுதான்: திங்கட்கிழமை வெர்ன் வேலைக்குத் திரும்பினார். புதுப் பம்ப் வந்தது. எங்கள் தெருவில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறோம். ஒரு பெண்மணியின் கைப்பழக்கத்துக்கு என் வயிறு நன்றி சொல்கிறது. கர்ட்டுக்கும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது, அந்த நான்கு மாதத்துக்கு. நன்றி சொல்ல ஆளின் முழுக் கணக்கும் நேராக இருக்க வேண்டுமா என்ன?

பன்னிரண்டுக்குள் மேயர் போன் செய்தாரா? மார்லீனுக்குத் தெரியாது. மூடிய கதவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதே விருந்தில், வாய் நிறைய மீனோடு இருந்த வெர்னைப் பிடித்தேன்.

"போன் வந்துச்சா, வெர்ன்? என்ன சொன்னாரு?"

நாப்கினால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எழுத்தாளரே, அது என் சொந்த போனுக்கு வந்த விஷயம். ஊருக்குச் சம்பந்தமில்லை. போய் மீனைச் சாப்பிடும், ஆறுது."

ஆக, அந்தப் பேச்சைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஒட்டுக்கேட்கவும் கதவு இல்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: முதல் வார்த்தை நன்றியாக இருக்கட்டும். அதைச் சொல்வது கர்ட்டா, வெர்னா என்பது உங்கள் பாடு.