போறான் சார்

நாலு வருஷம் என்னம்மா பண்ணீங்க என்று சவரி கேட்கிறான், அடுப்படி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சட்டையின் கழுத்துப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு, பெண்டாட்டி ரோஸ்லினின் பயோடேட்டாவைக் கையில் பிடித்தபடி, வெல்டிங் பொறி தெறித்த தழும்புகள் உள்ள அந்தக் கைகளுக்கு மேனேஜர் வேஷம் கொஞ்சமும் பொருந்தவில்லை என்று அவளுக்குச் சிரிப்பு, பெயர், படிப்பு, முன்னால் பார்த்த வேலை என்று எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னவள் இந்தக் கேள்விக்கு மட்டும் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், கழுவிக்கொண்டிருந்த டம்ளர் நிரம்பி வழிகிறது, சவரி எழுந்து வந்து குழாயை மூடிவிட்டு, குடும்பச் சூழ்நிலைன்னு மட்டும் சொல்லு, அதுக்கு மேல கேக்க மாட்டாங்க, கேட்டாலும் அழுதுடாத என்கிறான். வேலைக்குப் போ என்று சொன்னவனும் அவன்தான். ஜெபினுக்கு மூன்று வயதில் ரத்தத்தில் நோய் வந்தபோது பஸ் கம்பெனி கணக்கு வேலையை விட்டாள், அதன்பின் ஆஸ்பத்திரியும் வீடும்தான், போன மழைக்காலத்தில் பிள்ளை போனபிறகும் அவனுடைய சின்னக் கட்டிலின் ஓரத்தில்தான் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தாள், பட்டறையிலிருந்து சாப்பிட வரும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் சவரி, டைல்ஸ் கம்பெனியில் கணக்கு பார்க்க ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பேப்பரிலிருந்து கிழித்து வந்து அவள் மடியில் வைத்தான்.

பயமாகத்தான் இருந்தது, படித்ததெல்லாம் மறந்திருக்குமோ, கம்ப்யூட்டரில் எல்லாமே மாறியிருக்குமோ, சின்னப் பிள்ளைகள் முன்னால் விழிக்க வேண்டியிருக்குமோ, எந்தப் புடவை கட்டுவது, பிளவுஸ் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டிருக்கிறது, சர்டிபிகேட் வைக்க வீட்டில் ஒரே ஒரு ஃபைல், அதிலிருந்து ஜெபினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு மார்க்‌ஷீட்டுகளைச் செருகினாள். தில்லைநகரில் அந்தக் கம்பெனியின் மாடியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் இரண்டு பெண்கள் மெதுவாகப் பேசிக்கொள்கிறார்கள், மின்விசிறி சுற்றுகிறது, இது ஆஸ்பத்திரி பெஞ்சு என்று ஒரு கணம் உடம்பு நம்பிவிடுகிறது, மடியில் அவன் தலை கனக்கிறது, முடி கொட்டிப்போன அந்தச் சூடான தலை, இன்னும் எவ்ளோ நேரம்மா என்கிறான், இந்தா கூப்பிட்டுருவாங்க சாமி என்கிறாள், ரோஸ்லின், ரோஸ்லின் யாரு என்று இங்கே யாரோ கூப்பிடுகிறார்கள், அவள் எழுந்திருக்கவில்லை, அங்கே நர்சம்மாவிலிருந்து மருந்துக்கடைக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ஜெபின் அம்மாதான், சொந்தப் பெயரைக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று.

மேனேஜர் நடேசன் நல்ல மனிதர், உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, கணக்கில் இரண்டு கேள்வி கேட்டார், சரியாகவே சொன்னாள், பிறகு காகிதத்தைப் புரட்டி, நடுவுல ரொம்ப கேப் இருக்கேம்மா என்றார். குடும்பச் சூழ்நிலை என்ற வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது, பையனைப் பாத்துக்கிட்டேன் சார் என்றுதான் வந்தது. அதுவும் வேலைதானேம்மா, அதைவிடப் பெரிய வேலை எது, இப்ப பையன் ஸ்கூல் போறானா என்றார் சிரித்தபடி. போறான் சார். சொல்லிவிட்டாள். சொன்னதும் நெஞ்சுக்குள் என்னவோ இளகி இறங்கியது, அப்படியானால் மாசக் கடைசியில் லேட்டாகுமே, யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் கேட்க, அவங்க அப்பா பாத்துக்குவார் சார் என்று அதையும் சொன்னாள், திங்கட்கிழமை வந்துவிடச் சொன்னார்.

அன்று சாயங்காலம் சவரியிடம் சொன்னபோது அவன் புழக்கடையில் கையில் படிந்த கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தான், தேய்ப்பது நின்றது, இல்லைன்னு சொல்லியிருந்தா வேலை குடுக்காமலா போயிருப்பாங்க, புள்ளைய வச்சாடி பொய் சொல்லுவ என்றான். வேலைக்காகச் சொல்லலைங்க என்றாள் அவள், எல்லாரும் போயிட்டான்லன்னுதான் கேக்குறாங்க, அவர் ஒருத்தர்தான் போறானான்னு கேட்டாரு. சவரி தேய்த்த கையையே மறுபடி மறுபடி தேய்த்தான், தோல் சிவந்துபோனது, அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

திங்கட்கிழமை அங்கே கணக்கு பார்க்கும் பர்வீன்தான் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள், அவளைவிடச் சின்னவள், எந்தப் பட்டனைத் தட்டினால் பில் வரும், பாத்ரூம் எங்கே, சாப்பாட்டுப் பையை எங்கே மாட்டுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தாள், மொத நாள் எல்லாருக்கும் கை ஒதறும்க்கா, நான் கிரெடிட்டையும் டெபிட்டையும் மாத்திப் போட்டு அழுதேன் என்று சிரித்தாள், அந்தச் சிரிப்பில் பயம் கொஞ்சம் விட்டது. மத்தியானம் டப்பாவைத் திறக்கும்போது, பையன் இருக்கான்னு சார் சொன்னாரு, என்ன படிக்கிறான்க்கா, பேரு என்ன என்று கேட்கிறாள், ரெண்டாங்கிளாஸ், ஜெபின் என்கிறாள் ரோஸ்லின், இருந்திருந்தால் ரெண்டாங்கிளாஸ்தானே, முட்டையில் வெள்ளைக்கரு மட்டும்தான் தின்பான், எங்கே காகிதம் கிடைத்தாலும் லாரி வரைவான், சக்கரம் மட்டும் பத்துப் பன்னிரண்டு போடுவான் என்கிறாள், சொல்லச் சொல்ல இன்னும் வருகிறது, அவன் போனபின் அவனைப் பற்றி இப்படி அழாமல் யாரிடமும் பேசியதில்லை, அவன் பெயரை எடுத்தாலே எல்லோரும் பேச்சை மாற்றுவார்கள், இந்தப் பெண் மட்டும் அப்புறம் அப்புறம் என்று கேட்கிறாள், ரோஸ்லினுக்குச் சோறு ருசிக்கிறது.

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பர்வீன் போனை எடுத்துத் தன் மகளிடம், பால் குடிச்சியா, டிரஸ் மாத்துனியா என்று பேசிவிட்டு இவள் பக்கம் திரும்பி, நீங்க பேசலையாக்கா, மொத நாளு, அம்மாவைத் தேடுவான்ல என்றாள். ரோஸ்லின் போனைக் கையில் எடுத்தாள், வைத்துவிடலாம் என்று நினைத்தாள், பர்வீன் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், சவரியின் நம்பரை அழுத்தினாள். பின்னால் பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தம், என்ன ரோஸ்லி, வேலை கஷ்டமா இருக்கா என்றான். இல்லைங்க என்றாள், பர்வீன் முகத்தைப் பார்த்தாள், தம்பி வந்துட்டானாங்க என்று கேட்டாள்.

திட்டப்போகிறான், வைத்துவிடப்போகிறான் என்று காத்திருந்தாள். அவன் எங்கோ நடந்து போகிறான், அறுக்கும் சத்தம் தள்ளித் தள்ளிப் போய்த் தேய்ந்தது, அவன் மூச்சு மட்டும் கேட்டது. வந்துட்டான் என்றான். சாப்பிட்டானா. சாப்பிட்டான். அதற்குமேல் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவனும் வைக்கவில்லை, பிறகு கேட்காமலே அவன் சொன்னான், ஒன்னத்தான் தேடுறான் ரோஸ்லி.

என்னக்கா சொல்றான் என்றாள் பர்வீன்.

தேடுறானாம் என்றாள்.