காறை எலும்புக்கு இன்சூரன்ஸ் இல்லை

கிழக்கு வெளுக்கும் முன்னால் தாலி கட்டும் கல்யாணம் என்றால் போட்டோ எடுக்கிற எங்களுக்குத் தூக்கம் கிடையாது. தளவாய்புரத்து மண்டபத்தில் மாப்பிள்ளை குளிக்கப் போகும்போதே நாங்கள் இரண்டு தடவை வியர்த்து நனைந்து காய்ந்திருந்தோம். ஓமப்புகை கண்ணைக் கரித்தது. வீடியோ லைட்டின் சூடு கழுத்தைப் பொசுக்கியது. அசன் முகம்மது தோளில் பிளாஷ் பேட்டரியும் கழுத்தில் கேமராவுமாக மணவறையைச் சுற்றிச் சுற்றி வந்தான். குடிக்க ஒரு வாய் காப்பி தர யாருக்கும் தோன்றவில்லை.

அசனும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள். ஆளுக்கொரு கேமராவும் அதோடு வந்த சின்ன லென்ஸும் எங்களுக்குச் சொந்தம். ஆனால் இந்தத் தொண்ணூற்று நாலில், நீளமான ஜூம் லென்ஸ் மாட்டாத போட்டோகிராபரைக் கல்யாண வீட்டில் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அதை விலைக்கு வாங்க எங்களுக்கு வக்கில்லை. ராஜபாளையத்தில் சுப்புராஜ் அண்ணாச்சி கடையில் வாடகைக்கு எடுப்போம். வாடகை தனி, இன்சூரன்ஸ் காசு தனி. "தைரியமா எடுத்துட்டுப் போ, இன்சூரன்ஸ் இருக்கு" என்பார். நாங்களும் பெரிய பாதுகாப்பு கிடைத்துவிட்ட மாதிரி தலையை ஆட்டிவிட்டு வருவோம். விழுந்தால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று எங்களில் ஒருத்தனும் கேட்டதில்லை.

தாலி எடுக்கிற நேரம் சொந்தபந்தம் மொத்தமும் எழுந்து மறைத்துக்கொண்டது. அசன் ஸ்டூலில் ஏறினான். கெட்டிமேளம் முழங்கியது. யாரோ லைட் வயரில் கால் தட்ட, ஸ்டூலின் காலில் சிக்கியிருந்த வயர் அதைச் சேர்த்து இழுத்தது.

விழுகிறவன் கையை ஊன்றுவான். அசன் ஊன்றவில்லை. இரண்டு கையாலும் லென்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தோள்பட்டை தரையில் மோத விழுந்தான். நான் ஓடிப்போய்த் தூக்கினேன்.

"மொதல்ல லென்ஸப் பாருலே" என்றான்.

பார்த்தேன். முன்பக்க வளையம் நெளிந்து கண்ணாடியின் ஓரத்தில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. எங்களில் யார் விழுந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம், அதைத்தான் கேட்டிருப்போம். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

ஆஸ்பத்திரியில் காறை எலும்பு முறிவு என்று சொல்லிக் கட்டுப் போட்டார்கள். கட்டோடு நேரே கடைக்குப் போனோம். சுப்புராஜ் லென்ஸை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றி வைத்துக்கொண்டு, அசனின் சொந்தக் கேமராவைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"லென்ஸ் வெலையக் கட்டிட்டுக் கேமராவ எடுத்துக்கோ."

வைகாசி முகூர்த்தங்களை நம்பித்தான் அசன் வீட்டில் வருஷமே ஓடுகிறது. எலும்பு கூடினாலும் கேமரா இல்லாமல் அவன் எந்தக் கல்யாணத்துக்குப் போவான்?

அடுத்த முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் வாடகைக்கு எடுக்கிறவர்கள் எல்லாரும் கடைக்குப் போனோம். தேவதானம் பொன்னுராஜ், கூமாப்பட்டி இருளப்பசாமி, இன்னும் சிலர். அசனின் மனைவி மாஜிதாவும் வந்திருந்தாள். சுப்புராஜ் வழக்கம்போல லென்ஸ்களை மேஜைமேல் வரிசையாக எடுத்து வைத்தார். ஒருத்தரும் தொடவில்லை.

"இன்சூரன்ஸ் காசு வாங்குனியள்லா அண்ணாச்சி, அத வச்சு ரிப்பேர் பாத்துக்கோங்க. கேமராவக் குடுங்க" என்றார் பொன்னுராஜ்.

"லென்ஸ் களவு போனா, கடை தீப்பிடிச்சா கம்பெனிக்காரன் குடுப்பான். கீழ போட்டா எடுத்தவன் பொறுப்பு."

"அப்பொ இம்புட்டு நாளா எங்ககிட்ட வாங்குனது?"

"அது என் பொருளுக்குக் கட்டுனது. ஒங்களுக்கா கட்டுவேன்?"

மாஜிதா முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அவிய கைய ஊனியிருந்தா லென்ஸு சுக்குநூறா போயிருக்கும். கட்டிப்புடிச்சு விழுந்ததாலதான் இந்தமட்டுக்கும் ஒங்க கைக்கு வந்துச்சு. அந்த எலும்புக்கு யாரு பொறுப்பு அண்ணாச்சி?"

சுப்புராஜ் தன் வீட்டுத் தெலுங்கில் என்னமோ முனகினார். "நானா ஸ்டூல்ல ஏறச் சொன்னேன்? நானும் வட்டிக்கு வாங்கித்தாம்மா யாவாரம் பண்ணுதேன்."

அது பொய்யில்லை. ஆனால் அந்த வட்டிக் காசும் எங்கள் கழுத்தில் தொங்கின லென்ஸிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

"கேமராவக் குடுங்க" என்றார் பொன்னுராஜ் மறுபடியும். "எங்ககிட்ட வாங்குத காசுக்கு, நாங்க விழுந்தாலும் செல்லுத மாதிரி இன்சூரன்ஸ் போடுங்க. ஆளுக்கும் சேத்துப் போடுங்க. அது வரைக்கும் ஒங்க லென்ஸு எங்களுக்கு வேண்டாம்."

சுப்புராஜ் சிரித்தார். "ஜூம் இல்லாம நாளைக்கு எப்பிடிலே படம் எடுப்பிய?"

எப்போதும் வாயே திறக்காத இருளப்பசாமி சொன்னார்: "நாலு எட்டு முன்னால போயி நின்னு எடுப்போம்."

வெளியே வந்ததும் பேசி முடிவு செய்தோம். அசன் ஒப்புக்கொண்ட கல்யாணங்களை நாங்கள் மாற்றி மாற்றி எடுத்துக் கொடுப்பது, கூலி அவன் வீட்டுக்கு. இருந்தாலும் எனக்கு நிம்மதி இல்லை. பிழைப்புக்குப் பயந்து எவனாவது திரும்பிப் போய் ஒரு லென்ஸை வாங்கிவிட்டால் எல்லாம் போச்சு. உள்ளதைச் சொன்னால், எனக்கே கால் அந்தப் பக்கம் இழுத்தது.

மறுநாள் இருட்டோடு அவரவர் கல்யாணத்துக்குப் பஸ் ஏற ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொருத்தராக வந்து சேர்ந்தோம். யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைத்தான் பார்த்தோம். பொன்னுராஜின் கழுத்தில் சின்ன லென்ஸ். இருளப்பசாமியிடமும் அதுதான். கடைசியாக ஓடிவந்தவனிடமும் அதுதான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கட்டுப்போட்ட தோளோடு அசனும் வந்து நின்றான். நல்ல கையில் பிளாஷ் பிடிக்கிறேன் என்றான். வேண்டாம் என்றோம். கேட்கவில்லை. அவன் கேமரா இன்னும் சுப்புராஜின் அலமாரிக்குள்தான் இருக்கிறது. சாவி கிடைக்குமா என்று எங்களுக்குத் தெரியாது.

அன்றைக்கு அவன் ஒப்புக்கொண்டிருந்த கல்யாணத்துக்குப் போகிற தேவதானம் பஸ் கிளம்பப் போகிறது என்று கண்டக்டர் விசில் கொடுத்தார். படியில் கால் வைத்த அசன் எங்கள் பக்கம் திரும்பினான்.

"ஏலே, இனிமே எவனாச்சும் விழுந்தா, மொதல்ல கைய ஊனுங்கலே."