பரண் எலி

அப்பாவின் காலில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. அவசர ஆபரேஷனில் காலும் பிழைத்தது, அவரும் பிழைத்தார். அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாள் சர்ஜன் வந்து, "இதுக்கு முன்னாடி வீட்ல எப்படி இருந்தார்?" என்று கேட்டதும் பெருமை பொங்கிவிட்டது.

"ராஜா மாதிரிங்க. ஒரு துரும்பை எடுத்துப்போட விடமாட்டேன்."

"சட்டை தானா போட்டுக்குவாரா?"

"நான்தான் பட்டன் போட்டுவிடுவேன்."

"கடைக்குப் போவாரா?"

"வாசலைத் தாண்ட விடமாட்டேன்."

சர்ஜனின் முகம் வாடியது. ஏற்கெனவே தளர்ந்துபோனவர்கள், ஆபரேஷன் நன்றாக நடந்தாலும், பழையபடி எழுந்து நடமாடுவது கஷ்டம் என்றார். "இங்கேர்ந்து நேரா பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பறது நல்லது. அங்கயே இருந்துட வேண்டியும் வரலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அம்மா, அவர் அப்பாவால முடியுமான்னு கேக்கறார். நீ விடமாட்டேன்னு சொல்றே."

"நான் விட்டிருந்தாத்தானேடி முடியுமான்னு தெரியும்?"

நியாயம்தான். எனக்கும் தெரியாது. இருவரும் படுக்கையைப் பார்த்தோம். அப்பா தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தார். அதில் அவர் கில்லாடி. இப்போது ஒரு கண் மட்டும் திறந்தது.

"டாக்டர், எங்க வீட்டுப் பரண்ல ஒரு எலி இருக்கு."

மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று நினைத்தேன். அம்மா மட்டும் தலையாட்டினாள். "ஆமாங்க. இவருக்கு ஆகாதுன்னு பிஸ்கட் டப்பாவைப் பரண்ல எந்த மூலைல ஒளிச்சாலும் காலி பண்ணிடுது."

"இவ தையல் கிளாஸுக்குப் போனதும் அது கொல்லைலேர்ந்து ஏணியைத் தூக்கிட்டு வரும்," என்றார் அப்பா. "ஏறித் தின்னுட்டு, மூடியைத் திருகி வச்சுட்டு, ஏணியைத் திரும்பக் கொண்டுபோய் வச்சுட்டு, வந்து படுத்துக்கும்."

சர்ஜன் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதெல்லாம் எதுவரைக்கும் நடந்தது?"

"கால் வலிக்கறதுக்கு முந்தின நாள்வரைக்கும்."

சர்ஜன் நர்ஸைக் கூப்பிட்டு, "பிசியோதெரபிஸ்டை வரச் சொல்லுங்க. இவரை நடக்க வச்சு வீட்டுக்கே அனுப்பப் பார்ப்போம்," என்றார்.

வீடு வந்ததும் அம்மா பிஸ்கட்டைக் கொட்டிவிட்டு, டப்பாவில் வறுத்த வேர்க்கடலையை நிரப்பினாள். அதை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள். "வேணும்னா எழுந்து வந்து எடுத்துக்குங்க." அவர் எடுத்துவிட்டால் டப்பா ஒரு தட்டு மேலே போகும். சட்டைப் பட்டனையும் அவரே போட்டுக்கொண்டார், மேலும் கீழுமாக.

நான் என் வீட்டுக்குத் திரும்பி வெகுநாள் கழித்து அம்மா போன் செய்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் புரியவில்லை.

"நம்ம பரணுக்கு எலி வந்துட்டுப் போயிருக்குடி."