நான்காம் வார்டின் முதற்பலன்

நோயாளியின் படுக்கையோரம் ஜெபிக்கும்போது போதகர் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பார். அது நோயாளியைப் பார்க்க அல்ல, செல்போன் சரியான கோணத்தில் நிற்கிறதா என்று பார்க்க.

அவரும் மனைவியும் கடல் கடந்து ஊழியத்துக்குப் புறப்பட்ட அன்று சபையே திரண்டு வந்து கண்ணீர் விட்டது. ஒரே நுகத்தில் பூட்டிய ஜோடி மாடுகள் என்று யாரோ வாழ்த்தினார்கள். ஒரு மாடு இழுக்கும், இன்னொன்று வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்பதைப் போதகரம்மா வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

அந்த நகரத்து அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஜெபித்து ஆறுதல் சொல்லும் சாப்ளின் என்ற பதவி போதகருக்கு. வேலை போதகரம்மாவுக்கு. அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே உறவினரோடு காத்துக் கிடப்பாள். பேச ஆளில்லாத கிழவர்களின் நகத்தை வெட்டிக்கொண்டே அவர்கள் மருமகள்களின் குற்றப்பட்டியலைக் கேட்பாள். போதகர் மாலையில் கஞ்சி போட்ட சட்டையோடு வருவார். பஸ் கண்டக்டர் மாதிரி ஒவ்வொரு கட்டிலாக நின்று, தலையில் கை வைத்து, ஒரு பாட்டுப் பாடி, படம் எடுத்துக்கொண்டு போவார். குரல் மட்டும் தேன். அதை அவளால்கூட மறுக்க முடியாது. அந்தக் குரலைக் கேட்டுத்தானே அவள் கழுத்தை நீட்டினாள்!

வந்து மூன்று வருஷமாகியும் புதிதாக ஓர் ஆத்துமாவும் சேரவில்லை. இந்த நிலையில், அவர்களை அனுப்பிய மிஷனின் செயலாளர் நேரில் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. முதற்பலன் என்று காட்ட ஒருவராவது வேண்டாமா?

அப்போதுதான் பெயிண்டர் நான்காம் வார்டுக்கு வந்து சேர்ந்தான். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, மண்டையில் அடிபட்டு, நினைவில்லாமல் கிடந்தான். நம்ம பாஷைக்காரன் என்று கேள்விப்பட்டதும் போதகரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனோடு பேச ஆரம்பித்தாள். மழை, வார்டில் யார் யாரோடு சண்டை, டாக்டரின் புது மூக்குக்கண்ணாடி என்று எல்லாம் அவன் காதில் ஓதினாள். பதில் வராத ஆளிடம் பேசுவது அவளுக்குப் புதிதல்ல, அவளுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகிறது.

போதகர் வந்து பெயிண்டரை உற்றுப் பார்த்தார்.

"முகத்துல ஒரு அர்ப்பணிப்பு தெரியுது பாரு."

"அது மருந்து மயக்கங்க."

"அட்டையில பேரைப் பார்த்தா நம்ம ஆளு இல்ல. ஆண்டவரே வாசலைத் திறந்துவிட்டிருக்காரு. நீ போனைப் பிடி, ஞானஸ்நானம் குடுத்துடறேன்."

"அவரு கண்ணே திறக்கலையே! கூட வேலை செய்றவங்க ஞாயித்துக்கிழமை வருவாங்க, அவங்களையாவது கேளுங்க."

"ஆத்துமா விஷயத்துல தாமதம் கூடாது."

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவரோ அசரவில்லை. சலைன் கம்பியில் போனைச் சாய்த்து வைத்தார். மருந்து ஊற்றும் குப்பியில் தண்ணீர் பிடித்து, பாட்டை உருக்கமாகப் பாடி, கட்டுப் போட்ட தலையில் மூன்று தரம் ஊற்றினார். கட்டு நனைந்து தண்ணீர் தலையணைக்கு வழிந்தது. தலைமை நர்ஸ் ஓடி வந்து, காயத்தில் கிருமி போனால் யார் பொறுப்பு என்று கத்தினாள். போதகர் போனை அணைத்துவிட்டு, அவளையும் ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

படம் தாய்நாட்டுக்குப் பறந்தது. சபையில் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்களாம், கைதட்டல் ஓய நேரமாயிற்றாம். அதை அவர் சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது போதகரம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மயங்கிக் கிடக்கிறவன் சட்டைப் பையில கையை விடறதுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"உனக்கு விசுவாசம் கம்மி."

"இருக்கலாம். வெட்கம் கொஞ்சம் மிச்சமிருக்கு."

சில நாள் கழித்துப் பெயிண்டர் கண் விழித்தான். நல்லவேளை, காயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நாக்கு கொஞ்சம் தடுமாறியது, அவ்வளவுதான்.

"அக்கா, யாரோ பாடினாங்களே. கெணத்துக்குள்ள இருந்து கேக்குற மாதிரி இருந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மேல வந்தேன்னு தோணுது."

இத்தனை கேவலத்துக்கும் நடுவே அந்த மனுஷனால் ஒரு நல்லதும் நடந்திருக்கிறதே! ஒப்புக்கொள்ளப் போதகரம்மாவுக்குக் கசந்தது.

"என் வீட்டுக்காரருதான் பாடினாரு."

"எங்கப்பா பாடற பாட்டுக்கா அது. அவரு எங்க ஊரு சபையில உபதேசியாரு. எங்க தாத்தாவும் அப்படித்தான்."

"அப்போ நீங்க..."

"கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆச்சுக்கா."

அவளுக்கு வந்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொண்டார். வீட்டுக்குப் போய், போதகரிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். செயலாளருக்குக் காட்ட அவர் அப்போது கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் செயலாளர் பூங்கொத்தோடு வார்டுக்குள் வந்தார். பின்னால் மிஷனுக்குப் பணம் கொடுக்கும் ஆதரவாளர்கள் இரண்டு பேர், போனும் கையுமாக.

"தம்பி, புது வாழ்வு எப்படி இருக்கு? ஞானஸ்நானம் எடுத்தப்போ உள்ளத்துல என்ன உணர்ந்தீங்க?"

பெயிண்டர் திருதிருவென்று விழித்தான். "எப்போங்கய்யா? எனக்கு விவரம் தெரியறதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்களே. எங்கப்பா உபதேசியாருங்க."

போதகர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஒரு நொடிதான். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ரகம் அவர்.

"பாத்தீங்களா ஐயா! காணாமப்போன ஆடு திரும்பக் கெடைச்சிருக்கு!"

"நான் எங்கேயும் காணாமப் போகலீங்களே," என்றான் பெயிண்டர். "சாரத்துல இருந்துதான் விழுந்தேன்."

செயலாளர் போதகரைப் பார்த்தார், ஆதரவாளர்களைப் பார்த்தார். அந்தப் படத்தைத் திரையிடச் சொன்னதே அவர்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இதுவும் அறுவடைதான்," என்றார். ஆதரவாளர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தருக்கும் கூச்சமில்லை. போதகரம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவர்கள் வீட்டுக்கு வந்தால் என்ன சமைக்கலாம் என்று நேற்று முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டோமே என்றிருந்தது.

"ஐயா, மயங்கிக் கிடந்தவன் பையில கையை விட்டுட்டு அறுவடைன்னு சொல்லாதீங்க," என்றாள். "மூணு வருஷத்துல இவரு ஒருத்தர் பேரையும் கேட்டதில்ல. அந்தக் கடைசிக் கட்டில்ல ஒரு பெரியவர் காலையிலேருந்து தண்ணி கேக்கறாரு. யாராவது போயிக் குடுங்க. படம் வேணும்னா எடுத்துக்கங்க."

யாரும் நகரவில்லை. அவளே போய்க் கொடுத்தாள்.

தலைமை நர்ஸ் சும்மா விடவில்லை. கட்டை நனைத்த கதையை மேலிடத்துக்குக் கொண்டுபோனாள். போதகர் இனி வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது, விருப்பமிருந்தால் அம்மா அந்த வேலையைப் பார்க்கட்டும் என்று முடிவாயிற்று. மிஷன் போதகரைக் கைவிடுமா? புதிய ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இயக்குநராக்கித் தாய்நாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டது.

"நீ வரலையா?" என்று பெட்டிக்குப் பட்டை போட்டுக்கொண்டே கேட்டார்.

"இல்லீங்க."

"ஜனங்க என்ன நெனைப்பாங்க?"

பிரிவு வந்தபோதும் அவருக்கு ஜனங்கள்தான் ஞாபகம். அவள் அவர் சட்டைகளை மடித்துக் கொடுத்தாள். அழுகை வருமோ என்று பயந்திருந்தாள். வரவில்லை.

ஒரு மாதம் கழித்து நாத்தனார் போனில் கூப்பிட்டாள். அப்போது போதகரம்மா பெயிண்டரைத் தோளில் தாங்கி நடை பழக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நேத்து அண்ணன் மேடையில உங்களைப் பத்திப் பேசினாரு. மனைவியையே ஊழியத்துக்குப் பலியாக் குடுத்துட்டு வந்தேன்னு சொல்லி அழுதுட்டாரு. கேட்டவங்க எல்லாரும் உருகிட்டாங்க!"

"அப்படியா? சரிம்மா, வெச்சிடறேன். இங்க ஒருத்தர் வாந்தி எடுக்கறாரு," என்று சொல்லிவிட்டு, பெயிண்டரைச் சுவரோரம் நிறுத்திவிட்டு ஓடினாள்.