அக்காவுக்கு ஒன்று

ஜவுளிக்கடையில் பொய் சொல்லத் தெரியாதது நிலைக்கண்ணாடி ஒன்றுதான். அதையும் கடைக்காரர்கள் தலைக்கு மேலே நாலு மஞ்சள் விளக்கைப் போட்டு வழிக்குக் கொண்டுவந்து விடுவார்கள். காலை பத்தரையிலிருந்து மூத்தவள் அப்படியொரு கண்ணாடிக்கு முன்னால் மணப்பெண்ணாக நின்றுகொண்டிருந்தாள். கல்யாணம் என்னவோ தங்கைக்கு.

தங்கை வேலை பார்ப்பது விமானம் ஏறிப் போகிற தூரத்தில். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் வர முடியும். கல்யாணமோ நாலு நாள். முதல் நாள் சொந்தக்காரர்களுக்கு மட்டும் பெண் வீட்டில் விருந்து. இரண்டாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் ஆட்டம் பாட்டம். மூன்றாம் நாள் கல்யாணம், நாலாம் நாள் வரவேற்பு. ஆக நாலு உடுப்பு. அக்கா தங்கை இருவருக்கும் தோளும் இடுப்பும் உயரமும் ஒரே அச்சு. தையல்காரரே இரண்டு பேருக்கும் ஒரே அளவுச் சீட்டுதான் வைத்திருந்தார். அதனால் உடம்பு அக்காவுடையது, தீர்ப்பு தங்கையுடையது என்று ஏற்பாடு. தீர்ப்பு சொல்கிறவள் அம்மாவின் கையிலிருந்த போனுக்குள் இருந்தாள்.

"அக்கா, திரும்பு. இன்னும் கொஞ்சம். ஐயோ, நீ போட்டா கோணிப்பைகூட நல்லாத்தான் இருக்கும். எனக்கு நல்லா இருக்குமான்னு சொல்லு."

"உனக்குக் கோணிப்பைதான் நல்லா இருக்கும். வாங்கிடலாமா?"

விற்பனையாளரைக் கடையில் எல்லோரும் 'சர்க்கரை' என்று கூப்பிட்டார்கள். பேச்சு அப்படி. "கல்யாணப் பொண்ணு முகத்துல என்ன களை பாருங்கம்மா! இந்தக் கலரு இவங்களுக்காகவே நெய்த மாதிரி இருக்கு!" என்றார். இதற்கு முன் வந்த பெண்ணிடமும் அதே கலரைக் காட்டி அதையேதான் சொல்லியிருப்பார். மூத்தவள் திருத்த வாயெடுத்தாள். அம்மா முழங்கையால் இடித்தாள்.

"இருக்கட்டும்டி," என்று காதோடு சொன்னாள். "பொண்ணே எதிர்ல நின்னு முகத்தைச் சுளிச்சாத்தான் விலை இறங்கும்."

அம்மா பாத்திரக்கடைக்காரர் வீட்டில் பிறந்தவள். எதிராளி வாயைத் திறக்கும் முன்பே பாதி விலைக்கு வந்துவிடுகிற ரகம். மூத்தவளுக்கும் அந்த ரத்தம் கொஞ்சம் ஓடியது. சர்க்கரை விலை சொன்னதும் உதட்டைப் பிதுக்கினாள், ஓரத் தையலை விரலால் நெருடினாள், "பார்டர் கொஞ்சம் அழுத்தமா இருக்கோ?" என்று சந்தேகத்தைக் கிளப்பினாள். சர்க்கரை இளகினார். பச்சைப் பட்டும் ஊதா லெஹங்காவும் சந்தன நிறத்துக் கவுனும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிந்தன. மூன்று வருஷத்துக்கு முன்னால் நிச்சயம் வரைக்கும் போய் நின்றுபோன தன் கல்யாணத்தை அவள் அன்று காலை முழுக்க ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அதில் அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

நினைக்க நேரமும் இல்லை. அவள் வேறொரு கணக்கில் இருந்தாள். தங்கை பச்சை உடுத்தினால் பக்கத்தில் நிற்கிற அக்காவுக்கு வெளிர் மஞ்சள். தங்கை ஊதா என்றால் அக்காவுக்குச் சாம்பல் நிறம். கல்யாணத்தன்று தங்கை சிவப்பு உடுத்தி மண்டபத்துக்குள் நடந்து வரும்போது, கையைப் பிடித்துக் கூட்டி வரப்போகிறவள் இவள்தான். அதற்கு மங்கிய தங்க நிறம், தங்கையின் சிவப்பை எடுத்துக் காட்டும், தான் முந்திக்கொள்ளாது. நாலு நாளும் தங்கையின் பக்கத்தில் நிற்க வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். இந்த வேஷத்துக்கு ஒத்துக்கொண்டதும் அதற்காகத்தான். நின்றுபோனது தன் கல்யாணம்தான், தான் நின்றுபோகவில்லை என்று நாலு பேருக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் ஏது? சர்க்கரை அசந்த நேரத்திலெல்லாம் தனக்கென்று ஒவ்வொன்றாக எடுத்து, நாற்காலியில் நாலு சேலைகளைச் சேர்த்து வைத்திருந்தாள்.

கல்யாண நாளுக்கான சிவப்புப் பட்டைக் கட்டிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது போனுக்குள் சத்தமே இல்லை.

"என்னடி, நெட் போச்சா?"

"இல்லக்கா," என்றாள் தங்கை. "இதுதான். இதையே எடுத்துடு."

"இதுக்குப் பொருத்தமா ஒரு ரவிக்கைத் துணி குடோன்ல கிடக்கு, அசந்துடுவீங்க!" என்று சர்க்கரை படியிறங்கி ஓடினார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா நாற்காலியிடம் போனாள். நாலு சேலைகளில் வெளிர் மஞ்சளை மட்டும் எடுத்துப் பெண்ணுக்கு வாங்கியவற்றோடு வைத்தாள். மற்ற மூன்றையும் மேஜையின் அந்தப் பக்கம் தள்ளினாள்.

"உனக்கு இது ஒண்ணு போதும்."

மூத்தவள் சிரித்தாள். "அம்மா, உன் பேரத்தை என்கிட்டயே காட்டாத. மத்த மூணையும் நான் என் சம்பளத்துல எடுத்துக்கறேன்."

"காசுக்குச் சொல்லலைடி."

அம்மா வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை மூத்தவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கிறுக்கலையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் படிப்பாள். அம்மாவின் முகத்தைப் படிக்க அரை நிமிஷம் ஆனது.

"வெளிர் மஞ்சள் முதல் நாளுக்கு. அப்போ மத்த மூணு நாள்?"

அம்மா மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தாள். "முதல் நாள் நம்ம ஆளுங்க மட்டும்தானே. அப்புறம் மூணு நாளும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இருப்பாங்க. நீ அத்தை வீட்டுல இருந்துக்கோ. அத்தைகிட்ட பேசிட்டேன்."

"எதுக்கு?"

"உனக்குக் கல்யாணம் ஆகி வெளிநாட்டுல இருக்கேன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கு."

கீழே யாரோ துணியைச் சரக்கென்று கிழித்தார்கள். மூத்தவள் சிவப்புப் பட்டின் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு சொன்னா?"

"நான்தான். முதல் பேச்சுலயே, பெரிய பொண்ணு என்ன பண்றான்னு கேட்டாங்க. நின்னுபோச்சுன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. என்ன சொன்னாலும் நம்ப மாட்டாங்க. வாயில வந்துடுச்சு. அப்புறம் திருப்பி எடுக்க முடியல." அம்மாவின் குரல் இறங்கியது. "இவளுக்காவது நடக்கட்டும்னு நெனைச்சேன்டி."

"சித்தப்பா, மாமா எல்லாருக்கும் தெரியுமா?"

"சொல்லி வெச்சிருக்கு."

ஆக, குடும்பத்தில் அவளைத் தவிர எல்லோர் கணக்கிலும் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மூத்தவள் போனை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாள். திரைக்குள் தங்கை மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குமா?"

"போன மாசம்தான்க்கா தெரியும். நான் அம்மாகூடச் சண்டை போட்டேன். அக்கா, நான் அவர்கிட்ட பேசறேன். நேரம் பார்த்து, பக்குவமா எல்லாத்தையும் சொல்லிடறேன். சரியா?"

கடைக்கு வந்து பத்துச் சேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, 'ஒரு சுத்து பார்த்துட்டு வரோங்க' என்று படியிறங்குபவர்களுக்கென்று ஒரு குரல் உண்டு. பாத்திரக்கடைக்காரரின் பேத்திக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். அவர்கள் திரும்பி வருவதில்லை. அதற்காக அவர்கள் கெட்டவர்களும் இல்லை.

"அழாதடி. கண்ணு வீங்கிடும்," என்றாள் மூத்தவள். போனைத் திரை கீழே இருக்கும்படி மேஜையில் வைத்தாள்.

கத்தியிருக்கலாம். அந்த வீட்டுக்குப் போன் போட்டு, 'நான் இங்கதான் இருக்கேன்' என்று ஒரே வரி சொல்லியிருக்கலாம். கல்யாணம் நின்றுபோனால் வீடு எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் அதில்தான் மூன்று வருஷம் குடியிருந்தாள். தங்கையை அதற்குள் கூட்டிவர அவளால் முடியாது. கண்ணாடியைப் பார்த்தாள். சிவப்பு நன்றாகத்தான் இருந்தது.

சர்க்கரை மூச்சிரைக்க ரவிக்கைத் துணியோடு மேலே வந்தார். "பார்த்தீங்களா, நூலுக்கு நூல் சேருது! கல்யாணப் பொண்ணு என்ன சொல்றீங்க?"

"நான் பொண்ணு இல்லைங்க. பொண்ணோட அக்கா."

"அட!" சர்க்கரை ஒரு நொடிதான் தடுமாறினார். "அதானே பார்த்தேன், பொறுப்பா பேசறீங்களே! உங்களுக்குக் கல்யாணம்?"

"ஆயிடுச்சு. வெளிநாட்டுல இருக்கேன்."

அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"தங்கச்சி கல்யாணத்துக்கு வர முடியாது. லீவு கிடைக்கல. அதான் இன்னைக்கே நாலு நாள் கல்யாணத்தையும் பார்த்துட்டுப் போறேன்."

"ஐயோ பாவம்," என்றார் சர்க்கரை. விற்பனையில் சேராத ஒரு வார்த்தை அன்று அவர் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான். உடனே சமாளித்துக்கொண்டு, "வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க?" என்றார்.

மூத்தவள் அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அவர் என்ன பண்றார்?"

கேலியாகத்தான் கேட்க நினைத்தாள். குரல் வேறு மாதிரி வந்தது, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல. அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. ஆனால் அந்தக் கேள்விக்கு அவள் வாய் முன்பே பழகியிருந்தது.

"இன்ஜினியர்," என்றாள்.

"நல்ல இடம்," என்றார் சர்க்கரை. "நல்லா வெச்சுக்கறாரா?"

"ம். தங்கமானவர்," என்று சொல்லிவிட்டு, மூத்தவள் தங்கையின் சேலையைக் கழற்றிக் கொடுக்க உள்ளே போனாள்.